காரணம் கேட்காத கட்டைவிரல்

போன ஆடிப்பெருக்குக்குப் பிறகு எங்கள் உறவுக்காரர்கள் மத்தியில் என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. காசு கட்டிக் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொண்டவள், சொந்த ஊர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், வளைகாப்பில், பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது. நான் பதில் சொல்ல வாயெடுத்தால், "அதான் ஒண்ணும் ஆகலையே, விடும்மா" என்று யாராவது முடித்துவைக்கிறார்கள். அந்த இடத்தில்தான் என்னால் விட முடியவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. அதனாலேயே நான் சொன்னது தப்பு என்றாகிவிடுமா?

நடந்தது இதுதான். திருவையாற்றுக்கு மேற்கே, காவிரிக் கரையில் எங்கள் சித்தி வீட்டுப் பக்கம் ஒரு சின்னப் படித்துறை. மேட்டூர் திறந்து, கல்லணையிலிருந்து காவிரியில் தண்ணீர் விட்டு, ஆறு செங்காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள், பூ எல்லாம் வைத்துப் படைத்தாகிவிட்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தோம். சித்தி பழைய கயிற்றிலிருந்து உருக்களைப் புதுக் கயிற்றில் கோக்கும்போது ஒரு தங்க உரு விரலிலிருந்து நழுவிப் படியில் பட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. சித்திக்கு முகம் வெளிறிப்போனது. தாலியிலிருந்து விழுந்தது, அதுவும் ஆடிப் பதினெட்டு அன்றைக்கு. தங்கத்தின் விலை அங்கே யாருக்கும் நினைவில்லை. சகுனம்தான் எல்லோர் கண்ணிலும் தெரிந்தது. அடுத்த நிமிடம் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான் கடலுக்கு அடியில எல்லாம் போய்ட்டு வந்தவளாச்சே. எறங்கிப் பாரேன்" என்றார் பெரிய மாமா.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். தண்ணீர் கலங்கல், உள்ளே கை நீட்டினால் கையே தெரியாது என்றேன். தடவித்தானே பார்க்கப்போறே, கண்ணு எதுக்கு என்றார்கள். இழுப்பு இருக்கிறது என்றேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம், நாலு ஆம்பளைகள் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். கடைசிப் படிக்குக் கீழே பொந்து இருக்கிறது என்றேன். அந்தப் பொந்து அங்கே எல்லோருக்கும் தெரியும். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது வெயிலுக்கு ஆடுகள் அதற்குள்தான் ஒதுங்கிப் படுக்கும். வெள்ளம் மண்ணை அரித்து அரித்துக் கருங்கல் படி மேலே அந்தரத்தில் நிற்க, அடியில் ஓர் ஆள் புகுகிற அளவு இடம். மேலே கல் இருக்கிற இடத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைவது எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் எதிரானது. அதை அந்தப் படித்துறையில் நின்று, அழுகிற சித்தியின் முன்னால், எப்படி விளக்குவது? நான் வைத்த காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வந்தது. பதில் வந்த காரணம் செல்லாது என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கடைசியில் என் கையில் காரணமே மிச்சமில்லை, வெறும் வேண்டாம் மட்டும்தான் இருந்தது.

மாமா பையன் சட்டையைக் கழற்றினான். கயிறுகூடக் கட்டிக்கொள்ளவில்லை. முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். கொஞ்ச நேரத்தில் இடுக்கிலிருந்து உருவை எடுத்து மேலே நீட்டினான். சித்தி அவன் தலையைத் தடவி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அவன் மேலே வந்ததில் அங்கே என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் சாப்பிட்டோம். யாரும் என்னைத் திட்டவில்லை. "படிச்சது வேற, தைரியம் வேற" என்று பெரிய மாமா ஒரே ஒரு முறை சொன்னார்.

பாண்டிச்சேரிப் படகில்

அவர் சொன்னதில் பாதி சரி. ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் முங்கும் பயிற்சி, தைரியத்தைச் சொல்லித்தருவதில்லை. சேர்வதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பயத்தைப் போக்குவார்கள் என்று. முதல் நாள் கையில் கொடுத்தது ஒரு மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறதா, இதயத்தில் கோளாறா என்று. ஒன்றுக்கு ஆமாம் என்று எழுதினாலும் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அதன்பின் நீச்சல் குளத்தில், ஆள் நிற்கக்கூடிய ஆழத்தில், முட்டி போட்டுக்கொண்டு சலிக்கச் சலிக்கப் பழகுவது. மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து விட்டுவிட்டு, கையை வட்டமாகச் சுழற்றி அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். காற்று தீர்ந்துபோனதாகக் கழுத்தின் குறுக்கே கையை வீசிக் காட்டி, கூட இறங்குகிற ஜோடியின் மாற்று ரெகுலேட்டரை வாங்கி மூச்சு விட வேண்டும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருக்கும் ஈய எடையை ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும்.

ஏன் இவ்வளவு? தண்ணீருக்கடியில் பயம் வந்தால் உடம்பு இரண்டு காரியம் செய்யப் பார்க்கும். மூச்சை இறுக்கி அடக்கும், மேலே பாயும். ஆற்றில் முங்குகிறவனை அந்த இரண்டும்தான் காப்பாற்றும். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கிறவனை அதே இரண்டும் கொல்லும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். அதனால்தான் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. பிறவியிலேயே வந்த பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது. திரும்பத் திரும்பச் செய்துதான் மாற்ற முடியும். டைவ் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் அடிக்கடி கண்ட ஒன்று, இறந்தவர்கள் பலரின் இடுப்பில் ஈய எடை கழற்றப்படாமலே இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் மிதந்திருப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த நிமிடத்தில் யோசிக்க முடிந்திருக்காது, அவ்வளவுதான். யோசிக்க முடியாத நிமிடத்துக்கான முடிவை யோசிக்க முடிகிற நேரத்திலேயே எடுத்துவைப்பதுதான் பயிற்சி என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் என்னை மாற்றியது குளத்தில் பழகியது எதுவும் இல்லை. பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் கடலில் இறங்கியபோது நடந்த ஒரு சின்ன விஷயம். திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பையன் எனக்கு ஜோடி. படகு கரை தெரியாத தூரம் போய் நின்றது. ஒருவருக்கொருவர் மிதவைச் சட்டை, எடை, கொக்கிகள், காற்று எல்லாம் சரிபார்த்துக்கொண்டோம். இறங்கினோம். அன்றைக்குத் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. மீன் கூட்டம் ஒன்று பாறையைச் சுற்றித் திரும்பியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்தப் பையன் கட்டைவிரலை மேலே காட்டினான். தண்ணீருக்குள் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், மேலே போகலாம், இந்த டைவ் முடிந்தது. அவன் கேஜைப் பார்த்தேன், காற்று தாராளமாக இருந்தது. முகத்தைப் பார்த்தேன், கலவரம் எதுவும் இல்லை. என் மனதில் வந்ததெல்லாம் ஏன், ஏன், ஏன் என்பதுதான். இன்ஸ்ட்ரக்டர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. அவரும் கட்டைவிரலைக் காட்டினார், என்னைப் பார்த்தார், நானும் காட்டினேன். மெதுவாக ஏறினோம். பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம், மேலே வந்தோம்.

படகில் நான் காத்திருந்தேன், இப்போது கேட்பார் என்று. அவர் அந்தப் பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார், ஆழத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினார். நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று படகுக்காரரிடம் பேசினார். கேள்வியே வரவில்லை. பையனும் சொல்லவில்லை. கரைக்கு வந்து சாமான்களைக் கழுவும்போது, தாங்க முடியாமல், அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"கேக்கக் கூடாதும்மா. இன்னிக்கி நான் ஏன்னு கேட்டுட்டேன்னா, அடுத்த தடவ அவன் காரணம் கெடைக்கிற வரைக்கும் கீழயே இருப்பான்" என்றார்.

எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன் அந்த வாக்கியத்தை. குகை டைவர்கள் மத்தியில் வந்த ஒரு வழக்கம் இது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும், டைவை நிறுத்தலாம். மூத்தவர், இளையவர், காசு கட்டியவர், கட்டாதவர் வித்தியாசம் கிடையாது. கூடப் போனவர்கள் திரும்பியாக வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல ஓர் அந்தஸ்து வேண்டும். அப்பா சொன்னால் அது முடிவு. அம்மா சொன்னால் அது பேச்சுவார்த்தை. பிள்ளைகள் சொன்னால் அடம். அடம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை பிள்ளைகளின் தலையில். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சொன்ன என் அக்காவிடம் இரண்டு குடும்பமும் சேர்ந்து காரணம் கேட்டது. உயரமா, வேலையா, நிறமா என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் அடித்து, பிடிக்கவில்லை என்பதை இல்லாமலே ஆக்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் ஓர் இருபது வயதுப் பையனின் விரலுக்கு இருந்த மரியாதை என்னை உலுக்கியதற்கு அதுதான் காரணம்.

ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம்

மாமா பையன் பத்திரமாக வந்தான். அதனால் அவன் செய்தது சரி என்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் தரைக்கடியில் நீர் நிறைந்த குகைகள் உண்டு. ஊற்றுக்கண் வழியாக உள்ளே போகலாம், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கே ஏராளமானோர் இறந்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கே தவறியது என்று பார்த்து, 1979இல் விதிகளாக வெளியிட்டார். வெளி வாசல் வரை அறுபடாத வழிக்கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போக, மீதி இரண்டு பங்கு திரும்பி வர. இன்றும் அவைதான் பாடம். இறந்தவர்களில் கடலில் டைவ் சொல்லிக் கொடுத்த இன்ஸ்ட்ரக்டர்களும் இருந்தார்கள். அவர்கள் தைரியத்திலோ கடல் அனுபவத்திலோ குறைந்தவர்கள் இல்லை. குகைக்கான பயிற்சி இல்லை. அதற்கு முன் எத்தனையோ முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாமல் திரும்பியவர்களும் அவர்களில் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகச் சொல்லியிருக்கும். இப்போது அந்தக் குகை வாசல்களில் தண்ணீருக்குள்ளேயே ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். உயிரைக் கொடுத்துப் பார்க்கும்படி இந்தக் குகைக்குள் எதுவும் இல்லை, இதைத் தாண்டாதே என்கிறது அது.

எக்ஸ்லியே 1994இல் மெக்ஸிகோவின் சகடோன் என்ற ஆழமான நீர்க்குழியில் ஆழச் சாதனைக்கு முயன்றபோது இறந்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பயிற்சி கவசம் என்று நம்புகிறவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடித்த சான்று அட்டை வாங்கியதும் எல்லாம் தெரிந்ததாக நடந்துகொள்கிறவர்களைப் படகில் நானே பார்த்திருக்கிறேன். பயிற்சி எல்லையைக் காட்டும். எல்லையில் நிற்பது தினம் தினம் புதிதாகச் செய்ய வேண்டிய காரியம்.

ஊரில் இன்னொரு வாதம் வரும். இந்த ஆற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கு எவனோ வெள்ளைக்காரன் எழுதிய விதி எதற்கு? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தாத்தா கொள்ளிடத்தில் மடு எங்கே இருக்கிறது, சுழி எந்த மாதத்தில் எங்கே போடும் என்று கரையில் நின்றே சொல்வார். குழந்தைகளுக்குக் கோரைப்புல் வளர்ந்த இடத்தைக் காட்டி அதற்கு மேல் போகாதே என்பார். அது எந்த அட்டையும் இல்லாத முறையான பயிற்சிதான். பூம்புகார், தரங்கம்பாடிப் பக்கத்து மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து இன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுப்பதும் அப்படித்தான். பசியோடும் வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்காரத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் தாத்தாவின் அறிவு ஆற்றின் தரை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சமாகவே மாறும் என்ற நம்பிக்கையில் நின்றது. இப்போது கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. முட்டியளவு தண்ணீரில் நடந்துபோகிறவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பான். தண்ணீர் வந்துவிட்டால் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். இறப்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. ஆறு தெரியும் என்பதை நம்பி இறங்கிய காலம் போய்விட்டது. எனக்கு எது தெரியாது என்பதை வைத்து இறங்க வேண்டிய காலம் இது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்ன ஊர்தானே நம்முடையது?

பதினெட்டு மீட்டர்

எனக்குள்ள ஆசை ஒன்றைச் சொல்கிறேன். காவிரி கடலோடு சேருகிற பூம்புகாரில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், லாட வடிவில் ஒரு அமைப்பைத் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1991இல் கண்டார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற வாதம் தனி. பள்ளிக்கூடத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைப் படித்த நாளிலிருந்து அந்தத் தண்ணீருக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பித்து. கையில் இருக்கும் என் அட்டை 18 மீட்டர் வரைதான். ஐந்து மீட்டர் வித்தியாசம். கடலில் யாரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை, தடுக்கப் போலீஸ் நிற்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர் படகு ஏற்பாடு செய்துதருகிறேன் என்றார், சிலிண்டரும் கிடைக்கும் என்றார். மழை முடிந்தும் தண்ணீர் தெளியாத கடல், துணைக்கு யாரும் பயிற்சி பெற்றவர் இல்லை, டைவ் விபத்துக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை அருகில் இல்லை. நான் போகவில்லை. அவர் ஏன் என்று கேட்டார். இந்த முறை நான் காரணங்களை அடுக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். படித்துறையில் காரணங்களை அடுக்கியபோது வந்த தளர்ச்சி எனக்கு வரவில்லை.

இது தண்ணீரோடு நிற்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு கல்யாணம் முடிந்து நள்ளிரவில் சென்னைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. டிரைவர் முதல் நாள் இரவும் தூங்கவில்லை என்று தெரிந்தது. ஏழு பேர் வண்டியில் ஏறிய பிறகு நான் இறங்கிக்கொண்டேன். காலையில் பஸ்ஸில் போனேன். அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதிலும் எனக்கு நிம்மதிதான், நான் இறங்கியதும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை எங்கள் வீட்டில் புரியவைக்க இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட என் மகள் விஷயத்தில்தான் நான் மாறியிருக்கிறேன். எட்டாவது படிக்கிறாள். ஒரு நாள் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் அவளை டியூஷனிலிருந்து தன் வண்டியில் அழைத்துவருகிறேன் என்றபோது, அவர் கூட வர மாட்டேன் என்றாள். வீட்டில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆச்சு, ஏதாவது சொன்னாரா, ஏதாவது செஞ்சாரா, சொன்னாத்தானே தெரியும். அவள் முகம் இறுகிக்கொண்டே போனதைப் பார்த்தேன். சொல்லத் தெரியாத ஒன்று அவளிடம் இருந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். சரி, நான் வர்றேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றிலிருந்து தினமும் நானோ அவள் அப்பாவோ போகிறோம். என் அம்மாவுக்கு இது செல்லம் கொடுப்பதாகப் படுகிறது. "காரணம் சொல்லாத பழக்கம் வந்துட்டா அப்பறம் உன் பேச்சையும் கேக்க மாட்டா" என்கிறாள். அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் காரணம் சொன்னால்தான் காப்பாற்றுவோம் என்ற நிபந்தனையோடு ஒரு குழந்தையை வளர்க்க என்னால் முடியாது.

இப்போது அவளுக்கும் டைவ் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. பத்து வயதிலிருந்தே சிறுவர்களுக்கான பயிற்சி உண்டு, ஆழம் குறைவாக, பெரியவர் துணையோடு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளிகிற மாதங்களில் போகலாம் என்று பழைய இன்ஸ்ட்ரக்டருக்குப் போன் செய்தேன். 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் இப்போதிருந்தே பழகச் சொன்னார். பிறகு, வந்ததும் முதலில் அவளிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள் என்றார். அம்மா ஆசைக்காக வருகிற பிள்ளைகளை அவர் தண்ணீரில் இறக்குவதில்லையாம். வேண்டாம் என்று அவள் சொன்னால் என்ன சொன்னாள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன்.